நாலந்தா கெடிகேயைப் பார்க்கப் போவோமா?

லக்கலப் பக்கத்துப் பெண்களுக்குச் சுற்றுலா என்றதும் நினைவுக்கு வருவது நுவரெலியாவும் கதிர்காமமும்தான். நமது மாத்தளை மாவட்டத்திலேயே ஆயிரம் வருடம் கடந்த கற்கோயில் ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. வருகிற பெப்ரவரியில் எங்கள் மாதர் சங்கத்தார் அதைப் பார்க்கப் போகிறோம். அதற்கான ஆயத்தங்களை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். உங்கள் ஊர்ச் சங்கத்துக்கும் உதவும்.

மாத்தளையிலிருந்து தம்புள்ளை போகும் ஏ9 வீதியில், நாவுலவுக்கு முன்னால் நாலந்தா வருகிறது. அங்கே பெரிய வீதியை விட்டுக் கிழக்கே ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் உள்ளே போனால், போவத்தென்ன நீர்த்தேக்கத்தின் கரையில் கெடிகே நிற்கிறது. கெடிகே என்பது கல்லாலோ செங்கல்லாலோ கட்டிய புத்தர் சிலை மண்டபம். ஆனால் உருவமோ நமது கோயில்தான். மண்டபம், இடைவழி, கருவறை என்று அமைத்திருக்கிறார்கள். மாமல்லபுரத்துப் பல்லவர் கோயில்களின் சாயல் நன்றாகத் தெரியும். மேல்வளைவில் குபேரனும் இருக்கிறார். 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் கட்டியிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. இந்துக் கோயிலின் அமைப்பில் பௌத்த வழிபாட்டிடம்! இரு சமயத்தாரும் அன்றே எவ்வளவு நெருங்கி வாழ்ந்திருக்கிறார்கள்!

இன்னொரு சிறப்பும் உண்டு. கெடிகே இப்போது நிற்பது அது முதலில் கட்டப்பட்ட இடமல்ல. மகாவலித் திட்டத்தில் போவத்தென்ன அணை கட்டியபோது அந்த இடம் நீரில் மூழ்க இருந்தது. அதனால் 1975இல் ஒவ்வொரு கல்லாகப் பிரித்தெடுத்து, உயரமான இடத்தில் மறுபடி அடுக்கி, 1980இல் முடித்தார்கள். எகிப்தின் அபு சிம்பெல் கோயிலையும் 1960களில் இப்படித்தான் அணை நீரிலிருந்து காப்பாற்றினார்கள்.

இதைக் கேட்டதும் எங்கள் கூட்டத்தில் ஒரு வயதான அம்மா, "கல்லுகளை எல்லாம் ஒரே இடத்தில் திரும்பச் சேர்த்துவிட்டார்கள், நாங்கள்தான் சிதறிவிட்டோம்" என்றார். யாரும் பேசவில்லை. 2018இல் களு கங்கை நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கியபோது பழைய லக்கல நகரம் நீருக்குள் போனது. புதிய நகரமும் புதிய வீடுகளும் கிடைத்தன. ஆனால் ஒரே வேலியில் கறிவேப்பிலை பறித்த அயலவர்கள் இன்று வேறு வேறு குடியேற்றங்களில் இருக்கிறோம். களு கங்கை போய்ச் சேரும் அம்பன் கங்கையில்தான் போவத்தென்ன அணையும் இருக்கிறது.

ஆகவே எங்கள் திட்டத்தின் முதல் வேலை, பழைய அயலவர்களைத் தேடிச் சேர்ப்பது. முன்பு பக்கத்து வீட்டில் இருந்த சிங்கள அக்காமாரும் வருகிறார்கள். வான் கூலிக்கு ஆளுக்கு மாதம் 500 ரூபா சேர்க்கிறோம். சேர்க்க முடியாதவர்களின் பங்கைச் சங்கம் பொறுக்கும்.

கவனிக்க வேண்டியவை சில. மார்கழி, தை மழையில் மலைப்பாதைகளில் மண்சரிவு வரலாம்; மழை குறைந்த பிறகு புறப்படுவது நல்லது. இரத்தோட்டை வழி அழகானது, ஆனால் ரிவஸ்டன் பக்கம் வளைவும் பனிமூட்டமும் அதிகம். வயதானவர்கள் இருந்தால் நாவுல வழி சுகம். தோளையும் முழங்காலையும் மூடும் உடை வேண்டும். உள்ளே செருப்பைக் கழற்ற வேண்டும், வெயிலில் கல் சுடும் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்க வேண்டாம். ரொட்டியும் கட்டைச் சம்பலும் தண்ணீரும் கொண்டுபோங்கள். குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். பெண்கள் வழியிலுள்ள நகரத்திலேயே கழிவறைத் தேவையை முடித்துக்கொள்வது நல்லது.

பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். இடம் மாறினாலும் கல்லோடு கல் சேர்ந்து நின்றால் கோயில் கோயில்தான் என்பதை அவர்கள் கண்ணால் காணட்டும். ஊரும் அப்படித்தான்.