மாமரத்தில் தொங்கின எஞ்சின்

கிளிநொச்சியில் கராஜ் இல்லாமல் எஞ்சின் மாற்ற ஏலுமோ? ஏலும். நாலு பெடியள், ஒரு செயின் புளொக், தடிச்ச கொப்புள்ள ஒரு மாமரம் காணும்.

நாங்கள் மாற்றினது நண்பனின் அப்பாவுடைய மொறிஸ் மைனர். அதன் 1098 சிசி எஞ்சின் வகைதான் எம்ஜி மிட்ஜெட் ஸ்போர்ட்ஸ் காருக்கும் போனது. ஆனால் வன்னியில் அது ஓடினது மண்ணெண்ணெயில். 1990களில் பொருளாதாரத் தடை; பெற்றோல் கிடையாது. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துவினம். எரியாத மிச்சம் ஒயிலோடு கலந்து அதைத் தண்ணியாக்கும். எஞ்சினைப் பிரிச்சபோது தேஞ்ச சிலிண்டரில் அந்தக் காலத்தை விரலால் தடவிப் பார்த்தம்.

2020இல் வாகன இறக்குமதி நின்றபிறகு பழைய கார்களுக்கே விலை ஏறிப்போச்சு. இருக்கிறதைத் திருத்துறதுதான் அப்ப வழியாய் இருந்தது. டட்சன் சன்னியின் 1171 சிசி எஞ்சினை கியர் பொக்ஸோடு வாங்கினம். மவுண்டிங்கைப் புதுசா வெல்டிங் செய்து, புரொப்பெல்லர் சாஃப்றை அளவுக்கு வெட்டுவிச்சு இறக்க இரண்டு கிழமை. இனி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் இலக்கத்தையும் மாற்ற வேணும்.

பழசை இரும்புக்குக் குடுப்பம் எண்டம். அப்பா விடேல்லை. "தம்பியவை, இவனைப் பெற தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது இந்த எஞ்சின். கிலோக் கணக்கில குடுக்கேலாது."

சண்டைக்கு முதலே வவுனியாவில் விட்டதால் அந்தக் கார் தப்பினது. 2009இல் முள்ளிவாய்க்காலில் எத்தனையோ குடும்பங்களின் வாகனங்கள் எரிஞ்ச இரும்பாய்க் குவிஞ்சு கிடந்தன. அதனால் நாங்கள் மறுத்துப் பேசேல்லை. கழுவி, ஒயில் பூசி, கொட்டிலில் வச்சிருக்கிறம். டட்சன் ஓடட்டும், இதைத் திருத்தக் காசு சேர்க்கிறம்.