படியில்லாத பாதை

மலையும் அருவியும் பார்க்கப் புறப்படும் குடும்பங்களில், "நீங்கள் போய் வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்" என்று சொல்லும் ஒருவர் எப்போதும் உண்டு. பத்து வருஷங்களாக எங்கள் வீட்டில் அப்படிச் சொல்லி வந்தவர் எங்கள் தாயார். பக்கவாதத்தில் ஒரு கால் செயலிழந்த பிறகு சக்கர நாற்காலியே அவருக்கு வாகனம். முன்பு ஒரு முறை நம் நாட்டில் ஓர் அருவிக்குப் போயிருந்தோம். நாங்கள் குளித்துவிட்டு ஈரத் தலையுடன் திரும்பும் வரையில் அவர் வண்டிக்குள் அமர்ந்து எங்கள் செருப்புகளுக்கும் பலகார டப்பாக்களுக்கும் காவல் இருந்தார். "சத்தம் நன்றாகக் கேட்டது" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தை வெகு நாள் எங்கள் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது.

சென்ற கோடை விடுமுறையில், கலிபோர்னியாவிலுள்ள தம்பியின் வீட்டுக்குத் தாயாரையும் அழைத்துக்கொண்டு போனோம். மே மாதத்தில் ஒரு நாள், யோஸெமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போகலாம் என்றான் தம்பி. தாயார் மறுபேச்சுப் பேசாமல் ஒரு சால்வையையும் ஒரு தடித்த புத்தகத்தையும் எடுத்து வைத்துக்கொண்டார். வண்டியில் காத்திருக்கும் நேரத்துக்கு அவர் செய்துகொண்ட ஏற்பாடு அது!

ஸான் பிரான்ஸிஸ்கோவிலிருந்து நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பிரயாணம். ஸியெரா நெவாடா மலைத்தொடருக்குள் நுழைந்ததும், இரு புறமும் செங்குத்தான கருங்கற் சுவர்கள் எழும்பிய அந்தப் பள்ளத்தாக்கு எங்கள் முன் விரிந்தது. தூரத்தில் வெள்ளிச் சரிகையைத் தொங்கவிட்டாற்போல் யோஸெமிட்டி அருவி தெரிந்தது. அதன் மொத்த உயரம் 2,425 அடி. மேல் அருவி 1,430 அடியும், நடுவிலுள்ள சிற்றருவிகள் 675 அடியும், கீழ் அருவி 320 அடியுமாக மூன்று கட்டங்களில் நீர் இறங்குகிறது. மலைப்பனி உருகும் வசந்த காலத்தில்தான் அதற்கு முழு வேகம். ஆகஸ்டு மாதத்தில் பெரும்பாலும் வற்றிப்போய்விடும்.

கீழ் அருவியைச் சுற்றிவரும் பாதையின் நீளம் சுமார் ஒரு மைல். அதன் கிழக்குப் பகுதி சக்கர நாற்காலி செல்வதற்கு ஏற்றது. இத்தகைய பாதைகளுக்கு ஒரு பொது விதி உண்டு: இருபது அடி தூரம் சென்றால் ஓர் அடிக்கு மேல் ஏற்றம் இருக்கலாகாது. கேட்பதற்கு இது கொத்தனார் கணக்கு. ஆனால் ஒருவர் அருவியைக் காண்பாரா, வண்டியிலேயே இருப்பாரா என்பதைத் தீர்மானிப்பது இந்தக் கணக்குத்தான்.

தேவதாரு மரங்களின் நிழலில், ஓடைகளின்மேல் கட்டிய சிறு பாலங்களைக் கடந்து சென்றோம். வழக்கம்போல் நாற்காலியைத் தள்ள நாங்கள் கையை வைத்தபோது, "விடுங்கள், நானே வருகிறேன்" என்றார் தாயார். இரு கைகளாலும் சக்கரங்களை உருட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னே போய்விட்டார். பத்து வருஷங்களில் முதன்முறையாக, "மெள்ளப் போ, அம்மா!" என்று நாங்கள் பின்னாலிருந்து கூவ நேர்ந்தது.

வழியில் ஜான் மியூரின் நினைவு வந்தது. 1869-ஆம் ஆண்டில் இந்த ஓடைக் கரையில் மர அறுவை ஆலையில் வேலை செய்து, இங்கேயே குடில் கட்டி வாழ்ந்த அவர்தான் பின்னாளில் இந்த மலைகளைக் காக்க எழுதியும் வாதாடியும் பாடுபட்டவர். பள்ளத்தாக்கைப் பொதுஜனங்களின் உபயோகத்துக்கென்று ஒதுக்கிய சட்டத்தில் ஆப்ரகாம் லிங்கன் 1864-இல் கையொப்பமிட்டார். 1890-இல் தேசியப் பூங்கா உண்டாயிற்று. ஆனால் "பொதுஜனம்" என்ற சொல்லுக்குள் யார் யார் அடக்கம்? அவானீச்சி என்ற பழங்குடி மக்களை 1851-இலேயே ஆயுதப்படை இங்கிருந்து விரட்டியிருந்தது. நடக்க இயலாதவர்களும் வெகு காலம் அந்தச் சொல்லுக்கு வெளியேதான் இருந்தார்கள். 1973-இல் அவர்களுக்காக ஒரு சட்டம் பிறந்தும், அதற்குரிய விதிகள் வெளிவரவில்லை. 1977-இல் ஊனமுற்றோர் பலர் ஸான் பிரான்ஸிஸ்கோவிலுள்ள அரசாங்கக் கட்டடத்தில் புகுந்து, மூன்று வாரங்களுக்கு மேல் அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்த பிறகே விதிகள் கையெழுத்தாயின. அந்தச் சமதளப் பாதை எவருடைய தயவினாலும் வந்ததல்ல. கேட்டுப் பெற்ற உரிமை அது.

பாலத்தை அடைந்தோம். எதிரே, பாறை அதிர நீர் விழுந்துகொண்டிருந்தது. நீர்த்திவலைகள் காற்றில் பறந்து வந்து எங்கள் எல்லோரையும் நனைத்தன. தாயார் சால்வையை விலக்கி முகத்தை அருவிக்கு நேராக நிமிர்த்திக்கொண்டார். நாங்கள் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து அவரே, "சத்தத்தை மட்டும் கேட்டால் இது தெரியவே தெரியாது" என்றார்.

திரும்பும்போது, நம் நாட்டிலும் 2016-இல் ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் வந்திருப்பதையும், சென்னை மெரீனாவில் கடலோரம் வரை செல்ல 2022 நவம்பரில் மரப்பாதை அமைத்ததையும் அவரிடம் சொன்னோம். அடுத்த மாதமே புயல் அதைச் சேதப்படுத்தியதையும், பின்னர் அதைச் செப்பனிட்டதையும் மறைக்கவில்லை.

"புயல் அடித்தால் திரும்பக் கட்ட வேண்டியதுதானே? வீட்டுக் கூரையையும் அப்படித்தானே செய்கிறோம்" என்றார் தாயார். பிறகு சற்றுக் கோபமாகவே கேட்டார்: "பக்கத்து ஊரில் இருக்கும் கடலை விட்டுவிட்டு என்னை ஏன் இத்தனை தூரம் அழைத்து வந்தீர்கள்?"

எங்களிடம் பதில் இல்லை. ஊர் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை மெரீனாவுக்குப் புறப்பட்டோம். புத்தகத்தை அவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்.