தேய்வதற்கென்றே ஓர் உறுப்பு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

மின்னியற்றி என்றதும் நம் நினைவுக்கு வருவது பள்ளியில் நாம் முதன்முதலில் வரைந்த படம்தான். வடமுனை, தென்முனை என இரு காந்த முனைகள். நடுவே சுழலும் ஒரு கம்பிச்சுருள். அதன் முனையில் இரண்டு நழுவு வளையங்கள். அவற்றைத் தொட்டுக்கொண்டு இரண்டு தூரிகைகள். 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலை விளக்க அந்தப் படம் போதும். ஆயினும், தூரிகை என்ற பெயரைப் படித்த நம்மில் எத்தனை பேர் அதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறோம்?

எனக்கு அந்த வாய்ப்பைத் தந்தது எங்கள் வீட்டு ஜெனரேட்டர். வேதாரண்யம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் தந்தையார் மைக்செட் வைத்திருக்கிறார். காதுகுத்து, கல்யாணம், கோயில் திருவிழா என்று அவர் எங்கே சென்றாலும் அந்தப் பெட்ரோல் இயந்திரமும் உடன் செல்லும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபின், வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாதிருந்த நாட்களில், எங்கள் தெருவின் தண்ணீர் மோட்டாரை ஓட்டியதும் அதுதான்.

சென்ற பங்குனியில், திருவிழாவுக்கு நான்கே நாட்கள் இருந்தபோது அது மக்கர் செய்தது. எஞ்சின் ஓடியது, விளக்கு எரியவில்லை. முன்பணம் வாங்கியாகிவிட்டது. பட்டறையில், "காயில் எரிஞ்சிருக்கும், மாத்தச் சில ஆயிரம் ஆகும்" என்றார்கள். அப்பா நம்பவில்லை. "காயில் எரிஞ்சா கருகுன வாடை அடிக்கும் தம்பி. இதுல அது இல்ல" என்றார்.

மீட்டரை வைத்துப் பார்த்தேன். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் நான்கைந்து வோல்ட்தான் வந்தது. அந்தச் சிறு அளவே எங்களுக்கு வழிகாட்டியது. பாடப் படத்தில் காந்தம் நிற்கும், சுருள் சுழலும். எங்கள் ஜெனரேட்டரிலோ சுருள் நிற்கும், காந்தம் சுழலும். அந்தக் காந்தம் ஒரு மின்காந்தம். அதற்கு வேண்டிய நேர்மின்னோட்டம் தூரிகை வழியாகவே செல்கிறது. அது தடைப்பட்டால் இரும்பில் எஞ்சியுள்ள காந்தம் மட்டுமே மிஞ்சும். நான்கைந்து வோல்ட் அதன் வேலை. நிற்கும் சுருளின் மின்தடையும் சரியாகவே இருந்தது. எனவே, ஐயம் தூரிகையின் மேல் சென்றது.

எஞ்சினை நிறுத்தி, சூடு ஆறியபின், தவறிக்கூட இயங்கிவிடாதபடி பிளக்கின் வயரைக் கழற்றினோம். பின்மூடியைத் திறந்து, எந்த வயர் எந்தப் பக்கம் என்று தாளில் குறித்துக்கொண்டேன். அப்பா இரண்டு திருகுகளைக் கழற்றித் தூரிகையை வெளியே எடுத்தார். அவர் அதைக் 'கார்பன்' என்பார். விரற்கடை நீளம் இருக்கவேண்டிய கரித்துண்டு சுண்டைக்காய் அளவுக்குத் தேய்ந்திருந்தது. ஸ்பிரிங் தள்ளியும் வளையத்தை எட்டவில்லை. மற்றொன்று பாதியளவு இருந்தது. ஆயினும் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும் என்றார். கறுத்திருந்த வளையங்களை நைசான உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துத் துணியால் துடைத்தோம். புதிய ஜோடிக்கு ஆன செலவு நூற்றைம்பது ரூபாய்.

மாட்டி முடித்ததும் இயந்திரத்தைத் திறந்த வெளிக்குத் தூக்கிச் சென்றே ஓட்டினோம். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டுக்குள் ஓட்டினால் உயிரைக் குடிக்கும். மீட்டரின் எண் 230-ஐத் தொட்டபோது அப்பா ஒன்றும் சொல்லாமல் குழல்விளக்குகளைத் துடைக்கப் போய்விட்டார்.

அன்றிரவு அவரிடம் கேட்டேன்: "கரிக்குப் பதிலா தேயாத கெட்டிப் பொருளா வச்சா என்னப்பா?"

"கெட்டியா வச்சா வளையம் தேஞ்சிடும் தம்பி. வளையம் போனா ரோட்டரே போச்சு. இது தேயத்தான் போட்டிருக்கான். எப்பத் தேயுதுன்னு பாக்கவேண்டியது நம்ம வேல."

கிராஃபைட்டின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், மின்சாரத்தையும் கடத்தும் என்பதை நாம் வேதியியலில் படிக்கிறோம். அந்த மென்மைதான் வளையத்தைக் காக்கிறது என்பது அன்று எனக்கு விளங்கிற்று. தேய்வது அதன் குறையன்று, அதன் பணி. கஜாவுக்குப் பின் வயல் சேற்றில் இறங்கி மின்கம்பம் நட்ட தொழிலாளர்களை அப்போது நினைத்துக்கொண்டேன். விளக்கு எரியும் வரை அவர்களைப் பற்றி விசாரித்த நாம், எரிந்தபின் விசாரிக்கவில்லை.

நண்பர்களே, படிப்பு ஒருபுறம், பழக்கம் ஒருபுறம் என்று பிரிந்து கிடக்கும் வரை இரண்டும் அரைகுறைதான். எஞ்சிய காந்தம் என்ற சொல் என் தந்தையாருக்குத் தெரியாது. கருகிய வாடை எப்படியிருக்கும் என்று என் நூல்கள் சொல்லவில்லை. இரண்டும் ஒரே திண்ணையில் உட்கார்ந்ததால் திருவிழாவுக்கு விளக்கெரிந்தது. நம் ஆய்வுக்கூடத்தின் மூலையில் ஓடாத மோட்டார் ஒன்று நெடுநாளாக இருக்கிறது. பேராசிரியர்கள் இசைந்தால், ஒரு மாலைப்பொழுதில் அதைத் திறந்து பார்ப்போம். திருகாணிகளைக் கழற்ற என் தந்தையாரின் ஸ்குரூடிரைவரை நான் கொண்டுவருகிறேன்.