அக்காவின் கணக்கு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

"உழைப்பே உயர்வு தரும்" என்று எங்கள் பள்ளிச் சுவரில் எழுதியிருந்தது. அந்த உழைப்புக்குக் கூலி எவ்வளவு என்று எந்தச் சுவரிலும் எழுதக் காணோம்.

சின்னசேலத்தை அடுத்த ஒரு சிற்றூர் எங்களுடையது. அப்பா கரும்பு வெட்டுபவர். அம்மா களையெடுக்கப் போவார். 2019இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் அக்கா, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சென்னையில் ஒரு வீட்டில் சேர்ந்தாள். அங்கேயே தங்கல். "வீட்டுப் பிள்ளை மாதிரி வச்சுக்குவாங்க" என்று சொல்லியே அழைத்துப் போனார்கள். நானும் அதையே நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

சென்ற பொங்கலுக்கு அக்கா வந்தபோது அவளுடைய ஒரு நாளைக் கேட்டேன். விடியற்காலை ஐந்தரைக்குப் பால் காய்ச்சுவதில் தொடங்கி, இரவு பத்தரைக்குப் பாத்திரம் கவிழ்ப்பதில் முடிகிறது. இடையே ஓய்வு இரண்டு மணி நேரம். ஞாயிறு? "அன்னிக்குத்தான்டா விருந்தாளிங்க வருவாங்க."

கணித மாணவன் அல்லவா? நாளைக்கு 15 மணி, மாதத்திற்கு 450 மணி. சம்பளம் 9,000 ரூபாய். மணிக்கு 20 ரூபாய்!

"கணக்குப் போடாதடா தம்பி. நீ படிக்கிறதும் அந்த இருபது ரூபாயிலதான்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐரோப்பாவில் பிறர் வீட்டில் தங்கிக் குழந்தை பார்க்கும் இளம்பெண்ணை 'ஓ பேர்' என்பார்கள். 'சமமாக' என்பது அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பொருள். நாளைக்கு ஐந்து மணி நேரத்திற்கு மேல் வேலை கூடாது, வாரம் ஒரு நாள் விடுமுறை வேண்டும் என்று 1969ஆம் ஆண்டிலேயே அங்கு ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. நம் மாநிலத்திலும் 2007இல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் அமைந்தது. 2018இல் மணிக்கு 37 ரூபாய் என்று குறைந்தபட்ச ஊதியமும் நிர்ணயிக்கப்பட்டது. சட்டம் வந்த செய்தி அக்கா நின்ற அடுப்படிக்கு எட்டவில்லை.

ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல். படுத்திருந்த மூன்று நாளுக்குச் சம்பளம் பிடித்தார்கள். வீட்டுப் பிள்ளைக்கு யாராவது அப்படிப் பிடிப்பார்களா? வேலை வாங்கும்போது மகள். கூலி கொடுக்கும்போது வேலைக்காரி. 'மாதிரி' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை மணி நேரம் ஒளிந்து கிடக்கிறது!

பொங்கல் முடிந்து அக்காவோடு நானும் பஸ் ஏறினேன். கை நடுங்க அந்த வீட்டாரிடம் கணக்கைக் காட்டினேன். சம்பளத்துக்குப் "பார்க்கலாம்" என்றார்கள். மாதம் இரண்டு ஞாயிறு விடுமுறைக்கு ஒப்புக்கொண்டார்கள். முதல் ஞாயிறன்று ஒன்பது மணி வரை தூங்கினாளாம்!

நண்பர்களே, பேராசிரியப் பெருமக்களே! நம் வீடுகளிலும் யாரோ ஒருவருடைய அக்கா வேலை செய்துகொண்டிருக்கலாம். அவருக்கு அன்பு காட்டுவோம். ஆனால் அன்பைக் கூலியில் கழிக்க வேண்டாம். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டத்தில் என் பெயர்தான் இருக்கும். அதற்குரிய கட்டணத்தைக் கட்டியவள் யார் என்பதை நான் மறக்கக் கூடாது.