அப்பாயியின் குரல்

ஏற்காட்டில் வாழ்வோர்க்கு மூடுபனி புதிதன்று. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள இச்சேர்வராயன் மலையில், மழைக்காலப் பனி சாளரத்தின் வழியே வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடும். உப்பு கசியும், தோல் செருப்பில் பூசணம் பூக்கும், காயவைத்த காப்பிக் கொட்டையும் மீண்டும் ஈரம் உறிஞ்சும். இவற்றையெல்லாம் நாங்கள் அறிவோம். வேண்டிய காவலும் செய்வோம். ஆனால் அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடக்கும் வீடியோ கேசட்டை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டில் அத்தகைய கேசட் ஒன்று இருந்தது. 1994ஆம் ஆண்டு மூத்த அண்ணனின் திருமணத்தன்று எடுத்தது. மூன்று மணி நேரப் பதிவில் இரண்டு நிமிடம் மட்டும் எங்கள் அப்பாயி பேசுகிறார். மணமக்களை வாழ்த்தத் தொடங்கியவர், இடையில் திரும்பி, பந்தியில் மோர் வந்ததா என்று கேட்கிறார். அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். அவருடைய நிழற்படங்கள் பல உண்டு. குரல் இருப்பது அங்கு மட்டுமே. 2008இல் கேசட்டை எடுத்தபோது, நாடாச் சுருளின் விளிம்பில் வெண்புள்ளிகள் தென்பட்டன.

அது பூசணம். நாடாவில் காந்தத் துகள்களைப் பிடித்துவைக்கும் பசையே அதற்கு உணவு. அத்தகைய நாடாவை அப்படியே ஓடவிட்டால், படிக்கும் முனையும் கெடும். அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பூசணம் பரவும். ஆதலால் அதைச் சேலத்துக்கு எடுத்துச் சென்று, உலர்த்தித் துடைக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தோம். பின்னர்க் கணிப்பொறியில் ஏற்றினோம். இவ்வேலையில் விரைவு என்பது இல்லை. மூன்று மணி நேர நாடாவுக்கு மூன்று மணி நேரம் அருகில் இருந்தே ஆக வேண்டும்.

முதல் இடர் அங்கேயே தோன்றியது. உதடு ஒரு கணம், ஒலி மறுகணம் என்று படம் விலகிச் சென்றது. கணிப்பொறி வேறு வேலைகளால் திணறும்போது சில படச்சட்டங்களைத் தவறவிடுகிறது; ஒலியோ தொடர்ந்து ஓடுகிறது. மற்ற நிரல்களை மூடிவிட்டு, அரை மணி நேரத் துண்டுகளாக ஏற்றியபின் இரண்டும் இணைந்தன.

அடுத்தது தகட்டில் பதிதல். கடையில் விற்கும் திரைப்படத் தகட்டில் குழிகள் ஆலையிலேயே அச்சிடப்பட்டவை. வீட்டில் பதியும் தகட்டிலோ மெல்லிய சாயப் படலம் ஒன்றுண்டு. லேசர் கதிர் அதைச் சுட்டு அடையாளமிடுகிறது. ஒருமுறை சுட்ட இடத்தை மாற்ற இயலாது. பாதியில் மின்சாரம் நின்றால் அத்தகடு வீண். மின்தடை மலிந்திருந்த அந்நாளில் யு.பி.எஸ். இன்றி இப்பணியைத் தொடங்குவது அறிவுடைமையன்று. 16 மடங்கு வேகம் எனத் தகட்டில் அச்சிட்டிருந்தாலும், 4 அல்லது 8 மடங்கில் பதிந்தபோதே எங்களுக்குப் பிழைகள் குறைந்தன. ஓரடுக்கு டி.வி.டி.யின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட், நல்ல தரத்தில் இரண்டு மணி நேரமே அடங்கும். ஆகவே திருமணம் இரு தகடுகளாயிற்று.

கணிப்பொறியில் ஓடிய தகடு தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைந்த கருவியில் ஓடவில்லை. பதிவை முடித்து மூடும் இறுதிக் கட்டம் நிறைவுறாத தகட்டைப் பிற கருவிகள் வெற்றுத் தகடாகவே காணும். அமெரிக்காவிலிருந்த சித்தப்பாவுக்கு அனுப்பிய தகடும் அங்கு ஓடவில்லை. நம் நாட்டின் பால் முறையில் நொடிக்கு 25 படங்கள், அவர்களுடைய என்.டி.எஸ்.சி. முறையில் ஏறத்தாழ 30. அவருக்கெனத் தனியே மாற்றிப் பதிய வேண்டியதாயிற்று.

இவ்வளவும் முடிந்தபின், இனி அச்சமில்லை என்றே எவர்க்கும் தோன்றும். ஆனால் அந்தச் சாயப் படலமும் வெயிலில் வெளிறும். ஈரத்திலும் வெப்பத்திலும் தளரும். தகட்டின்மேல் ஒட்டும் காகிதம் அதன் சுழற்சியையே குலைக்கக்கூடும். படிக்கும் கருவிகளும் ஒவ்வொன்றாய் மறைகின்றன. வி.எச்.எஸ். கருவிகளைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் உற்பத்தியை நிறுத்தியது. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் தகடு செருகும் இடமே இல்லை.

வீட்டுப் படத்துக்கு மட்டும் நேர்ந்த கதியன்று இது. ஏற்காடு வரும் சாலையில், மலையேறுமுன் சேலத்தில், டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் உருவான அவ்விடத்தில், பிற்காலத்தில் நுழைவாயில் வளைவே எஞ்சி நின்றது. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ படத்துக்குப் பிரதி ஒன்றும் இருப்பதாக அறியப்படவில்லை. நாடே பார்த்த படத்துக்கு அந்நிலை எனில், ஒரு குடும்பம் மட்டும் பார்த்த படத்தைக் காப்பவர் யார்? அக்குடும்பத்தாரே அன்றி வேறு எவருமிலர்.

காத்தல் என்பது ஒருமுறை செய்து முடிக்கும் வேலையன்று என்பதை நாங்கள் கண்டது இவ்வாறே. தகட்டைப் பெட்டியில் பூட்டுவதால் அப்பாயி காக்கப்படுவதில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறையேனும் எவரேனும் அதை எடுத்து, ஓடவிட்டு, அடுத்த கலத்துக்கு மாற்ற வேண்டும். இப்போது அப்பதிவு இரண்டு வன்தட்டுகளில் உள்ளது. ஒன்று மலைமேல், மற்றொன்று சேலத்தில் தங்கை வீட்டில். ஆண்டுதோறும் பனி விலகிய பங்குனியில் அவற்றை ஓட்டிப் பார்க்கும் பொறுப்பு அண்ணன் மகளுடையது. அப்பாயி மறைந்தபின் பிறந்தவள் அவள். மோர் வந்ததா என்ற அக்கேள்வியை எங்களைவிடத் துல்லியமாக அதே குரலில் கேட்கிறாள்.

வாசக அன்பரே, உங்கள் அலமாரியிலும் ஒரு கேசட் இருக்கக்கூடும். அடுத்த மழைக்கு முன் அதை எடுத்துப் பாருங்கள். அதில் இருப்பவர் யார் என்று சொல்லக்கூடிய மூத்தவர் ஒருவரையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள்.