கம்பளிக்குள் நுழையத் தெரியாத கணித மேதை!

கான்சாபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு பிள்ளை வெளிநாட்டுக்குப் படிக்கக் கிளம்பினால், பெட்டியில் முதலில் ஏறுவது புளியும் பருப்புப்பொடியும்தான். கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன்கூட, கேம்பிரிட்ஜில் இருந்துகொண்டு ஊரிலிருந்து புளியும் தேங்காய் எண்ணெயும் கேட்டு எழுதியவர்தான்!

1914 ஏப்ரலில் லண்டனில் இறங்கியபோது அவருக்கு 26 வயது. டிரினிட்டி கல்லூரியில் அறை கிடைத்தது. முதல் குளிர்காலம் ஆளையே ஒடுக்கிவிட்டது. கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மஹலனோபிஸ் ஒருநாள் பார்க்க வந்தார். 'ராத்திரி குளிர் தாங்க முடியவில்லை, ஓவர்கோட் போட்டு, சால்வை போர்த்திக்கொண்டு படுக்கிறேன்' என்றாராம் ராமானுஜன். படுக்கையைப் பார்த்தால், கம்பளிகள் மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகியபடி அப்படியே இருக்கின்றன. கம்பளிகளுக்கு மேலே, மேல்விரிப்புக்கு அடியில் படுத்திருக்கிறார் மனிதர்! கம்பளியை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று மஹலனோபிஸ் செய்து காட்டினார். ராமானுஜன் நெகிழ்ந்துபோனார்.

சிரிக்காதீர்கள். முதல்முறை ஹோட்டலில் தங்கியபோது நானும் அப்படித்தான் நடுங்கிக்கொண்டு படுத்தேன். ரிசப்ஷனில் கேட்க வெட்கம்.

குளிருக்காவது ஒரு நண்பர் வந்தார். சாப்பாட்டுக்கு? சுத்த சைவம் என்பதால் கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் உட்காரவில்லை. அறையிலேயே தனியாகச் சமைத்துக்கொண்டார். போர் வந்து காய்கறிக்கும் தட்டுப்பாடு. கணக்கில் மூழ்கினால் நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது. பத்துப் பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால், அவர் இளைப்பதை யாராவது முன்னமே கவனித்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1917-ல் நோயில் விழுந்தார். 1919-ல் ஊர் திரும்பியவர், அடுத்த ஆண்டு ஏப்ரலில் காலமானார். வயது 32.