வாரக் கூலியில் மதுரை

ஊர் பார்க்கப் புறப்படுவது பணக்காரர்களுடைய காரியம் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அந்த எண்ணத்தை ஒரே நாளில் மாற்றிவிடக் கூடிய நகரம் மதுரை. சனிக்கிழமை மாலையில் வாரக் கூலி வாங்கும் திருப்பூர்ப் பனியன் தொழிலாளியும் கடன்படாமல் சென்று திரும்பலாம்.

அணைக்கட்டின் அருகேயுள்ள அமராவதி நகரிலிருந்து உடுமலைப்பேட்டை சுமார் 25 கிலோமீட்டர், பஸ் உண்டு. உடுமலையில் ரயில் ஏறினால் பழனி, திண்டுக்கல் வழியாக மதுரை போய்ச் சேரலாம். வழியில் பழனி மலையைக் கண்டு கன்னத்தில் போட்டுக் கொள்வதற்குத் தனிக் கட்டணம் கிடையாது!

மதுரை ஸ்டேஷனுக்கு வெளியே வாகனக்காரர்கள் சூழ்ந்து கொள்வார்கள். புன்னகையுடன் விடைபெற்று, டவுன் ஹால் ரோடு வழியே நேர் கிழக்காக நடந்து விடுங்கள். கோயில் ஒரு கிலோமீட்டர் தூரந்தான். அதை நடுநாயகமாக வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் சுற்றுச் சுற்றாக அமைந்திருக்கின்றன. வழி தப்பினாலும் கோபுரத்தைப் பார்த்து நடந்தால் போதும்.

போகும் வழியில் மேல மாசி வீதி குறுக்கிடும். அங்கே ஒரு வீட்டின் மாடியில் 1921 செப்டம்பரில் காந்தியடிகள் தங்கினார். கதர் வாங்கப் பணமில்லை என்று ஏழைகள் சொன்ன சொல் அவர் நெஞ்சைத் தைத்திருந்தது. 22-ஆம் தேதி காலையில் முழத்துண்டு மட்டும் உடுத்தியவராக வெளியே வந்தார். ஊருக்கெல்லாம் ஆடை தைக்கும் திருப்பூரார் இந்த வீட்டைக் காணாமல் திரும்பலாமா?

கோயிலில் பொது தரிசன வரிசைக்குக் காசு வேண்டாம், பொறுமை வேண்டும். ஆனால் அந்த வரிசையில் நிற்கும் உரிமை எல்லோருக்கும் எளிதில் வந்துவிடவில்லை. 1939 ஜூலை 8-ஆம் தேதி, அ. வைத்தியநாத ஐயர், அதுவரை உள்ளே விடப்படாதிருந்த வகுப்பினரை அழைத்துக்கொண்டு ஆலயப் பிரவேசம் செய்தார். அதன் பின்னரே, 1946-இல், காந்தியடிகளும் இக்கோயிலுக்குள் வந்து வழிபட்டார். முன்னொரு நாள் வாசலில் தடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தோளோடு தோள் உரச நிற்கிறார்களே, ஆயிரங்கால் மண்டபத்துச் சிற்பங்களுக்கு ஒரு படி மேலான காட்சி அல்லவா அது?

பிறகு திருமலை நாயக்கர் மகாலுக்கு நடந்தே போகலாம். 1636-இல் எழுந்த அந்த அரண்மனையில் இன்று நிற்பது ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். அதன் தூண்களைக் கட்டிப் பிடிக்க ஒருவர் கை போதாது. மாலையில் டவுன் பஸ்ஸில் வைகையைக் கடந்தால் தமுக்கம். ராணி மங்கம்மாளின் மாளிகையில் 1959 முதல் காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கே காந்தியடிகளின் குருதி தோய்ந்த ஆடையைக் கண்டவர்கள் உரக்கப் பேசிக்கொண்டு வெளியே வருவதில்லை.

பசித்தால் தெருவோரக் கடையில் சூடான இட்டிலி. குளிர்ச்சிக்கு ஒரு ஜிகர்தண்டா. மிச்சப் பணத்தில் மேல மாசி வீதியில் ஒரு கதர்த் துண்டு வாங்கலாம். மதுரையின் பெருமையெல்லாம் நடப்பவர்களுக்குத்தான் வசப்படும். பணப் பை கனமாயிருந்தால் நடை தளரும் என்பதை மறவாதீர்கள்.